வந்துட்டானா?

என் வீட்டுக்காரியின் தாளில் பெயர் என்ற இடத்தில் தேன்மொழி என்று எழுதிய பிறகுதான் ஆஸ்பத்திரிச் சீட்டில் அவளுடைய பழைய பெயர் தெய்வானை என்று இருப்பது நினைவுக்கு வந்தது. அடித்துத் திருத்தலாமா? வேண்டாம், இது ஆஸ்பத்திரிச் சீட்டில்லையே. எதிர்வீட்டு யாழினி கல்லூரி ஆராய்ச்சிக்காகக் கொண்டுவந்து கொடுத்த கேள்வித்தாள். ‘கடவுள் நம்பிக்கையும் வாழ்க்கை மகிழ்ச்சியும்’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நேற்று வாசலில் நின்றபடியே சொன்னாள்: “பெரியப்பா, உங்களுக்கு ஒண்ணு, பெரியம்மாவுக்கு ஒண்ணு. அவங்கவங்களே நெரப்போணும், சரீங்களா? சாமி கும்புடறவங்க ஊரெல்லாம் இருக்காங்க. சாமி இல்லைங்கறவங்கதான் ஆறு பேருக்கு மேல கெடைக்கலை.” நாங்கள் இருவரும் சேர்ந்தால் எட்டு என்று அவளுக்கு ஒரே சந்தோஷம், எனக்கும்தான். என்னுடையதைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன். நம்பிக்கை இல்லை, எப்போதிலிருந்து என்றால் பதினேழு வயதிலிருந்து, மகிழ்ச்சி எட்டு. பத்தே போட்டிருப்பேன், என் வீட்டுக்காரியின் முட்டியை நினைத்து இரண்டைக் குறைத்தேன். அடுத்து அவளுடையதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவங்கவங்களே நிரப்ப வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னது காதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ரேஷன் அட்டை, வங்கிப் படிவம், மக்கள்தொகைக் கணக்கு எல்லாவற்றையும் அவளுக்கு நான்தானே எழுதியிருக்கிறேன், கை தானாக ஓடுகிறது. வயது அறுபத்து நான்கு. தொழில் இல்லத்தரசி, இந்தச் சொல் எனக்குப் பிடிக்காது, இருக்கட்டும். கடவுள் நம்பிக்கை உண்டா இல்லையா, ‘இல்லை’யில் ஒரு டிக். பதினாறாவது கேள்விக்கு வந்துதான் பேனா நின்றது. ‘மொத்தத்தில், உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருக்கிறீர்கள்? ஒன்று முதல் பத்துக்குள் ஓர் எண்ணை வட்டமிடவும்.’ மணி பத்து நாற்பத்தேழு. அவள் உள்ளே போய்ப் பதினேழு நிமிஷம் ஆகிறது.

உள்ளே என்றால் இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான், பிசியோதெரபி அறை. மூன்று கட்டில், நடுவே பச்சைத் திரை. கதவு சரியாகச் சாத்தாது, நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி வரைக்கும் எல்லாச் சத்தமும் வரும். அவளுக்கு வலது முட்டியை மாற்றி இன்றோடு பத்தொன்பது நாள். புது முட்டி மடங்க வேண்டும், மடங்கவில்லை. எழுபத்திரண்டு டிகிரியில் நிற்கிறது, நான்கு நாளாக அதே எழுபத்திரண்டு. தொண்ணூறு வந்தால்தான் நாற்காலியில் ஒழுங்காக உட்காரலாம், படி ஏறலாம். சனிக்கிழமைக்குள் வராவிட்டால் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய் மயக்கம் கொடுத்துக் காலைப் பிடித்து மடக்கிவிட வேண்டும் என்கிறார் டாக்டர். இன்று வியாழன். போன தடவை மயக்கத்தில் அவள் ரத்த அழுத்தம் இறங்கிப்போய் முக்கால் மணி நேரம் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முட்டி ஏன் மடங்கவில்லை என்று பிரிசில்லா நேற்றுச் சொன்னாள். பிரிசில்லாதான் இங்கே பிசியோ பார்க்கிற பெண், எலும்பும் தோலுமாக இருக்கிறாள், கையில் அப்படியொரு வலு. “ஐயா, அம்மா மூச்சைப் புடிச்சுக்கறாங்க. நான் அமுத்தறப்ப வாயை இறுக்கி மூடிக்கறாங்க. மூச்சு அடைச்சா தசை கல்லாயிரும், அப்புறம் எங்க மடங்கறது? கத்துனாப் போதும், தன்னால விட்டுக்குடுக்கும். கொஞ்சம் கத்தச் சொல்லுங்க.” கத்தச் சொன்னேன். நேற்று இரண்டு தடவை வீட்டிலும் சொன்னேன். சரீங்க என்றாள். சரீங்க என்றுதான் எல்லாவற்றுக்கும் சொல்வாள். இதோ, அடுத்த கட்டிலில் ஆட்டோ ஓட்டுகிற கபூர் பாய் ‘யா அல்லா’ என்று ஒரு போடு போடுகிறார், ஆஸ்பத்திரியே அதிர்கிறது. அவருக்குத் தோள். முதல் கட்டிலில் மூலனூர்க்காரம்மா ஒருத்தி, பெயர் தெரியாது, ‘மாரியாத்தா, என்னையக் கொண்டுபோயிராத்தா’ என்று அழுகிறாள், அடுத்த நிமிஷமே பிரிசில்லாவிடம் நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சிரித்துக்கொண்டே கேட்கிறாள். நடுக்கட்டிலில் இருந்து ஒன்றும் வரவில்லை. நான்கு நாளாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறேன். எல்லாருக்கும் வலிக்கும்போது வாய்க்கு ஒரு சொல் வருகிறது, என் வீட்டுக்காரிக்கு மட்டும் இல்லை.

இருந்தது. அதைத்தான் நான் நான்கு நாளாக நினைக்காமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். ‘முருகா’ என்பாள். கும்பிடுவதற்காகச் சொல்கிற முருகா இல்லை அது. உட்காரும்போது ஒரு முருகா, எழுந்திருக்கும்போது ஒன்று, குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினால் ஒன்று, பால் பொங்கி வழியாமல் சரியான நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டால் நிம்மதியாக ஒன்று. மூச்சு விடுகிற மாதிரி அவளை அறியாமல் வரும். பழனிக்குப் பக்கத்து ஊர்க்காரி, மலை தெரிகிற வாசலில் வளர்ந்தவள், அவள் அப்பா வைத்த பெயரே தெய்வானை. எங்கள் கல்யாணத்தில் புரோகிதர் இல்லை, தாலி இல்லை, மைக் இருந்தது. தலைமை தாங்கிய தோழர் மேடையிலேயே அவள் பெயரைத் தேன்மொழி என்று மாற்றினார், எல்லாரும் கைதட்டினார்கள், நான்தான் பலமாகத் தட்டினேன். நானும் பழனிசாமியாக இருந்து பகலவன் ஆனவன்தான், ஆனால் அது நானே யோசித்து எனக்கு வைத்துக்கொண்ட பெயர். கல்யாணமாகி ஒரு வாரம் இருக்கும், முன்னறையில் தோழர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், இவள் தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிரும்போது ‘முருகா’ என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. உடனே வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, “எங்க, வந்துட்டானா?” என்றேன். அப்படி ஒரு சிரிப்பு. அவளும் சிரித்தாள். அவள் சிரித்தது உண்மை, அதை நான் இட்டுக்கட்டவில்லை. அவள் சிரித்ததால்தான் மறுநாளும் சொன்னேன். அதற்கடுத்த நாளும் சொன்னேன். அவள் முருகா என்பாள், நான் வந்துட்டானா என்பேன். சில நாள் கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்பேன், சில நாள் ஒரு நாற்காலியைத் தட்டிப் போட்டு உட்காரச் சொல்லு என்பேன். அதட்டியதில்லை, கை ஓங்கியதில்லை, ஒரு நாளும் சாமி கும்பிடாதே என்று வாய் திறந்து சொன்னதில்லை. மாநாட்டில் கூட இதைச் சொல்லியிருக்கிறேன், கட்டாயப்படுத்தக் கூடாது தோழர்களே, சிந்திக்க வைக்க வேண்டும் என்று. ஒரு நாள் அவள் ‘மு’ என்று ஆரம்பித்து என்னைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் அந்த ‘மு’வும் இல்லை. எப்போது நின்றது? முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவன் நான், எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், இது எந்த வருஷம் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நின்றதைக் கவனித்தால்தானே தெரியும்.

அதனால் அவள் மகிழ்ச்சி குறைந்துபோயிற்று என்று சொல்லிவிட முடியுமா? அதெப்படி. நம்பிக்கை இருந்தால் மகிழ்ச்சி வந்துவிடுகிறதா? அவள் அக்கா சிவகாமியைப் பார்த்தால் போதும், வாரத்துக்கு மூன்று விரதம், வருஷத்துக்கு இரண்டு காவடி, எந்நேரமும் ஒரு பயம், ஏதோ ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது, அதனால்தான் மருமகள் மதிக்கவில்லை என்று ஒரு புலம்பல். அவளுக்குப் பத்துக்கு மூன்று கொடுத்தாலே அதிகம். நான் அவளைவிட எவ்வளவோ சந்தோஷமாக இருந்திருக்கிறேன். எனக்கு நரகம் இல்லை, ராகு காலம் இல்லை, பூனை குறுக்கே போனால் பூனை குறுக்கே போகிறது, அவ்வளவுதான். இதைக் கூட்டத்தில் சொன்னால் கைதட்டு வாங்கலாம், வாங்கியும் இருக்கிறேன். ஆனால் கூட்டம் என்று நினைக்கும்போதே அங்கே போய் ஒன்று மாட்டிக்கொள்கிறது. எனக்குக் கூட்டம் இருந்தது. படிப்பகம் இருந்தது, சாயங்காலம் ஆனால் ஏழெட்டுப் பேர், ஒரு செய்தித்தாளைப் பங்கு போட்டுப் படித்துவிட்டு அதைவிட நீளமாகப் பேசுவோம். மாநாட்டுக்கு லாரியில் போவோம், வழியெல்லாம் பாட்டு, திரும்பும்போது தொண்டை கட்டியிருக்கும். தீ மிதிக்கச் சாமி வேண்டாம் என்று காட்டுவதற்காக நானே ஒரு தடவை கறுப்புச் சட்டையோடு தீ மிதித்தேன், ஊரே பார்த்தது, காலில் ஒரு கொப்புளம்தான், தோழர்கள் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊர்க்காரன் திருவிழாவில் என்னென்ன கிடைக்குமோ அதெல்லாம் எனக்கும் கிடைத்தது, சாமி ஒன்றைத் தவிர. என் வீட்டுக்காரிக்கு? அவளுக்கு நான் கொண்டுவந்து கொடுத்தது ‘இல்லை’ என்ற ஒரு சொல். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற பெண்களோடு போக முடியாது, போகாததால் அவர்கள் திரும்பி வரும்போது பேசுகிற பேச்சிலும் சேர முடியாது. படிப்பகத்துக்குப் பெண்கள் வருவதில்லை, நாங்கள் பெண் விடுதலையைப் பற்றிப் பேசும்போது கூட வந்ததில்லை, அவர்கள் எங்களுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாழினியின் கேள்வித்தாளில் இதைக் கேட்கவே இல்லை. நம்பிக்கை உண்டா, இல்லையா, அவ்வளவுதான் கேட்டிருக்கிறாள். ஒருத்திக்கு அது எப்படி இல்லாமல் போயிற்று, போன இடத்தில் வேறு எதையாவது யாராவது வைத்தார்களா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அதற்கும் நான்தான் பதில் எழுதியிருப்பேன்.

கபூர் பாய் மறுபடி கத்துகிறார். தை மாசத்து வெயில் ஜன்னல் வழியாகக் காலில் விழுகிறது. தை மாசம் என்றால் எங்கள் தெருவில் பழனிக்கு நடந்து போகிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், தாராபுரம் ரோட்டை ஒட்டின வீடு. பச்சை வேட்டி, தோளில் காவடி, வெறும் கால். இவளும் சின்ன வயதில் அவள் அப்பாவோடு நடந்தவள்தான். கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னாள், தாரில் உள்ளங்கால் பொரியும், அப்பா ஈரத் துண்டை ரோட்டில் போட்டுப் போட்டு அதன்மேல் மிதிக்கச் சொல்வார் என்று. அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று பார்க்கத் தோன்றவில்லை, நான் மூடநம்பிக்கைக்குக் குழந்தைகளைப் பலி கொடுப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். மூன்றாவது வருஷமோ நான்காவது வருஷமோ, மத்தியானம் ஷிப்ட் முடிந்து இரண்டு தோழர்களோடு வீட்டுக்கு வருகிறேன், இவள் வாசலில் அண்டாவை வைத்துக்கொண்டு நடந்து போகிறவர்களுக்கு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். ஒரு கிழவருக்குச் செம்பைச் சாய்த்து ஊற்றுகிறாள், அவர் இரண்டு கையையும் குவித்துக் குடிக்கிறார், இவள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்குள் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதில் என்ன மதம் இருக்கிறது, மனிதாபிமானம்தானே, பேசாமல் தாண்டி உள்ளே போயிருக்கலாம். பக்கத்தில் தோழர்கள் இருந்தார்கள். “தேவஸ்தானத்துல வேலை போட்டுக் குடுத்துட்டாங்களா?” என்று கேட்டேன். தோழர்கள் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை இந்தத் தடவை. செம்பை அண்டாவுக்குள் மெதுவாகப் போட்டாள், சத்தம் வராமல் போட்டாள், உள்ளே போனாள். மோர் வாசலிலேயே இருந்து சாயங்காலம் புளித்துப்போயிற்று. அடுத்த தையில் ‘அரோகரா’ சத்தம் தூரத்தில் கேட்கும்போதே அவளே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். அவளே போனாள், நான் சொல்லவில்லை. அதை நான் படிப்பகத்தில் பெருமையாகச் சொன்னேன், என் துணைவியார் தானாகவே தெளிவடைந்துவிட்டார் என்று. இதை நினைக்கும்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுந்து கொஞ்சம் நடந்தேன், தண்ணீர் குடித்தேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன். மணி பதினொன்று மூன்று.

பையனுக்குச் சாக்ரடீஸ் என்று பெயர் வைத்தேன். அந்தச் சாக்ரடீஸ் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு மாசம் ஒரு தடவை மலை ஏறுகிறான், போன வருஷம் பேத்திக்குப் பழனியில் மொட்டை அடித்தான். “அப்பா, நீங்க வரமாட்டீங்கன்னு தெரியும், அம்மாவையாவது அனுப்பி வெய்யுங்க” என்று போன் பண்ணினான். நான் தாராளமாகச் சொன்னேன், அவளுக்கு இஷ்டம் என்றால் போகட்டும், நான் என்றைக்கு யாரைத் தடுத்தேன் என்று. அவள் போகவில்லை. “நீங்க வராத எடத்துக்கு நான் எதுக்குங்க” என்றாள். நான் அதையும் கொள்கை என்றே எடுத்துக்கொண்டேன், யாராவது இன்னும் கொஞ்சம் கேட்டிருந்தால் பாசம் என்று சொல்லியிருப்பேன். அவன் அனுப்பிய போட்டோவைப் போனில் வைத்துக்கொண்டு இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். குழந்தையின் மொட்டைத் தலையைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன், பின்னால் மலைப்படி இருந்தது, அதைப் பார்த்தாளோ என்னவோ, கேட்கவில்லை. ஆபரேஷன் அன்றைக்கு நடந்ததையும் நினைத்துத்தான் ஆக வேண்டும். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகிறார்கள், நர்ஸ் ‘தெய்வானை, தெய்வானை’ என்று மூன்று தடவை கூப்பிட்டாள், நான் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறேன், படுத்திருந்தவள்தான் கையைத் தூக்கினாள். தியேட்டர் கதவுக்கு முன்னால் வண்டி நின்றது. “பயப்படாதீங்கம்மா, சாமியை நெனச்சுக்கங்க” என்று அந்த நர்ஸ் சொன்னாள், எல்லாரிடமும் சொல்வதுதான். இவள் என்னைப் பார்த்தாள். கண்ணை நகர்த்தவே இல்லை. அனுமதி கேட்கிற பார்வை என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு நான் என்ன செய்தேன், நர்ஸைப் பார்த்துச் சிரித்து, “கத்தி புடிக்கறது டாக்டருங்கம்மா, அவரை நெனச்சுக்கட்டும்” என்றேன். அறுபத்து நான்கு வயதில் ஒருத்தி பயந்துபோய்ப் படுத்திருக்கிறாள், அவள் தலைமாட்டில் நின்று நான் ஜோக் அடித்திருக்கிறேன். கதவு மூடிக்கொண்டது. உள்ளே அழுத்தம் இறங்கிய அந்த முக்கால் மணி நேரத்தில் அவள் திரும்பி வராமல் போயிருந்தால் நான் அவளிடம் கடைசியாகப் பேசியது அதுவாகத்தான் இருந்திருக்கும். சனிக்கிழமை மறுபடி அந்தக் கதவு என்றால் என்னால் தாங்க முடியாது.

அப்படியானால் செய்ய வேண்டியது சின்ன விஷயம். உள்ளே போய், சொல்லிக்கொள் என்று சொல்ல வேண்டும். மூன்று எழுத்து. முருகா என்று வாய்விட்டுச் சொன்னால் மூச்சு வெளியே போகும், தசை தளரும், முட்டி மடங்கும், பிரிசில்லா சொன்ன அறிவியல்தானே இது, இதில் கொள்கை எங்கே வருகிறது? இப்படி யோசிக்கிறபோதே எனக்கு என்மேல் கோபம் வருகிறது. இதற்கும் ஒரு அறிவியல் காரணம் தேடி வைத்துக்கொண்டுதான் உள்ளே போவாயா பகலவா? அவளுக்கு வேண்டும் என்பதற்காகப் போக மாட்டாயா? தோழர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு பக்கம் ஓடுகிறது. எந்தத் தோழர், அன்றைக்குத் தேநீர் குடித்துக்கொண்டு சிரித்த நால்வரில் மூன்று பேர் செத்துப்போனார்கள், நான்காவது ஆளுக்குக் காது கேட்காது. எனக்கு முருகன் இல்லை. இன்றைக்கும் இல்லை, நாளைக்குச் சாகும்போதும் இல்லை, அதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் அவளுக்கு இல்லை என்று டிக் போட்டேனே, அது யார் சொன்னது? நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவை, உனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று நான் கேட்டதே இல்லை. ஊரெல்லாம் கேள்வி கேள் கேள்வி கேள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். பதினாறாவது கேள்வியில் வட்டம் போடாமல் கேள்வித்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். எழுந்தேன். மணி பதினொன்று பன்னிரண்டு. கதவைத் தள்ளினேன்.

திரையை விலக்கினேன். அவள் கட்டிலில் பாதி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், சேலையை முழங்காலுக்கு மேலே சுருட்டி விட்டிருந்தது, தையல் போட்ட இடம் செக்கச்செவேல் என்று வீங்கியிருந்தது. மேலுதட்டில் வேர்வை. பிரிசில்லா அளவுகோலை எடுத்துக் காட்டினாள், “எழுபத்தி ரெண்டேதானுங்கய்யா. இன்னொருக்கா பாத்துட்டு விட்டுறலாம்.” என்னைப் பார்த்ததும் இவள் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நீங்க எதுக்குங்க உள்ள வந்தீங்க? வெளிய காத்தாட உக்காந்திருக்கலாமில்லீங்க.” நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். “தேனு, சொல்லிக்கோ” என்றேன். “என்னதுங்க?” “வாயில வர்றதைச் சொல்லிக்கோ. அந்தக் காலத்துல சொல்லுவியே. முருகான்னு சொல்லிக்கோ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.” என் வாயால் அந்தப் பெயரை உச்சரித்தபோது ஒன்றும் ஆகவில்லை, இவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. “ஆமாங்கம்மா, சொல்லுங்க. எனக்குப் பல்லு வலிச்சா நான் யேசுவே யேசுவேன்னு வீட்டையே ரெண்டாக்கிருவேன்” என்று பிரிசில்லா சிரித்தாள். இவளும் கொஞ்சம் சிரித்தாள். என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன், இருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“வேண்டாமுங்க” என்றாள். “ஏன், எனக்காகவா? நான்தான் சொல்றேனே.” “உங்களுக்காக இல்லீங்க.” மடியில் இருந்த துண்டை எடுத்து நான்காக மடித்தாள், மறுபடி விரித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பிரிசில்லாவுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோலச் சொன்னாள்: “நாப்பது வருசமா ஒரு வார்த்தை பேசாம இருந்துபோட்டு, இப்பக் காலு மடங்கலைன்னு போயி நின்னா நல்லாவா இருக்குமுங்க? சொந்தக்காரங்க வீட்டுக்கே நாம அப்படிப் போகமாட்டம். எனக்குக் கூச்சமா இருக்குதுங்க.”

எத்தனை மேடையில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். கூச்சப்பட அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்பதற்கு வாய் வரைக்கும் வந்தது, பழக்கம். கேட்கவில்லை. அவளுக்கு அங்கே ஆள் இருந்திருக்கிறது, இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. எனக்காக அவனிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டே குடும்பம் நடத்தியிருக்கிறாள், இப்போது அவன் முகத்தில் விழிக்க முடியாமல் நிற்கிறாள். நான் பறித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கையில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், அவளால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. “அப்போ என்னையாவது திட்டு” என்றேன். “எதையாவது சொல்லிக் கத்தோணுமில்ல. என்னையத் திட்டு தேனு. பாவி, நாசமாப் போறவனே, என் வாயை அடைச்சவனேன்னு சத்தமாத் திட்டு. ஆஸ்பத்திரியே கேக்கட்டும்.” கபூர் பாய் திரைக்கு அந்தப் பக்கம் பேச்சை நிறுத்தியது தெரிந்தது. பிரிசில்லா எங்கள் இருவரையும் பார்க்காமல் தன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவள் என்னையே பார்த்தாள். நிஜமாகவே திட்டப் பார்க்கிறாள் என்று தெரிந்தது, வாயைக் கொஞ்சம் திறந்தாள், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ தேடினாள், ஒரு மூச்சு வெளியே வந்தது, சொல் வரவில்லை. என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

“அதுக்கும் பழக்கமில்லீங்களே” என்றாள்.

“பாக்கலாமாம்மா?” என்று கேட்டுக்கொண்டு பிரிசில்லா முட்டியில் கையை வைத்தாள். இவள் தலையை ஆட்டினாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.